மூணு மாசம் ஆகட்டும்க்கா

ஓடுகிறோம். பேச்சியம்மாளுக்கு எட்டு மாதம். கால் வீங்கிக் கிடக்கிறது. கையைப் பிடித்து இழுக்கிறேன். பின்னால் சரமாய் வெடிக்கிறது. தெருவெல்லாம் புகை. கூரை ஓடு ஒன்று என் தோளில் விழுகிறது. வலி தெரியவில்லை.

"ஏலே, அங்கன போகாதலே! கண்மாய்ப் பக்கம் ஓடு!" யாரோ கத்துகிறார்.

பேச்சி எதிர்ப்பக்கம் திமிறுகிறாள். அங்கேதான் பட்டாசு கம்பெனி. வெடிமருந்து அடைக்கும் அறையில் அவள் தங்கை முத்துமாரி.

புரட்டாசி. செவ்வாய்க்கிழமை. தீபாவளி சீசன். ஆமத்தூருக்கும் சாத்தூருக்கும் நடுவில் எங்கள் ஊர். வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணிகளைப் பார்ப்பது என் வேலை. பேச்சிக்குப் பிரஷர் பார்க்க வந்தேன். முத்துமாரிக்கும் நாள் தள்ளியிருந்தது. அது எனக்கும் பேச்சிக்கும் மட்டும் தெரியும்.

எங்கள் பக்கம் கர்ப்பிணியை மருந்து அறையில் உட்காரவிட மாட்டார்கள். காகிதம் சுற்ற அனுப்பிவிடுவார்கள். நல்ல வழக்கம். ஆனால் மூன்று மாதம் முடியாமல் வயிற்றில் இருப்பதை வெளியே சொல்லவும் மாட்டார்கள். கண் பட்டுவிடுமாம். இதுவும் வழக்கம். இரண்டுக்கும் நடுவில் முத்துமாரி மருந்தோடு உட்கார்ந்திருந்தாள். கம்பெனியில் சொல்லிவிடு என்று தலைதலையாய் அடித்துக்கொண்டேன்.

"மூணு மாசம் ஆகட்டும்க்கா. அவுக லோடு எறக்கிட்டு வந்துருவாக. மொதல்ல அவுககிட்டதான் சொல்லணும்" என்றாள். புருஷன் லாரி டிரைவர். வடக்கே போயிருந்தான். அவள் சிரித்தாள். எனக்குக் கோபம் வந்தது. அந்தச் செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு நேரத்தில் கம்பெனி வாசலுக்கே போய், போர்மேனிடம் பேச அவளைச் சம்மதிக்க வைப்பதென்று இருந்தேன். அதற்குள் வெடித்துவிட்டது.

முதல் சத்தத்துக்கு நாங்கள் ஓடவில்லை. பேச்சியின் கையில் பிரஷர் பட்டை. டொம்மென்று ஒன்று. கதவு அதிர்ந்தது.

"சாம்பிள் போடுறாகக்கா" என்றாள்.

ஆர்டர் அனுப்புமுன் வெடித்துப் பார்ப்பது உண்டு. வெளியூர்க்காரன் என்றால் அப்போதே ஓடியிருப்பான். நாங்கள் வெடிச்சத்தத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். கம்பெனிக்குள்ளும் அதே கதைதான். தப்பி வந்த பெண் பிறகு சொன்னாள். பக்கத்து அறை வெடித்தது. சாம்பிள் என்று நினைத்தார்கள். முத்துமாரி தலையைக்கூடத் தூக்கவில்லையாம்.

இரண்டாவது சத்தத்தில் பேச்சி வீட்டுக் கூரை இறங்கியது.

கண்மாய்க்கரை. பேச்சிக்குப் பனிக்குடம் உடைகிறது. ஆம்புலன்ஸ் எல்லாம் கம்பெனிப் பக்கம் பறக்கின்றன. ஆள் ஏற்றும் வேன் ஒன்றை மறிக்கிறேன். "பிள்ளைத்தாச்சிலே! நிறுத்துலே!" என் தொண்டை கிழிகிறது. வழியெல்லாம் அவள் வலியில் தங்கை பெயரைச் சொல்லித்தான் கத்துகிறாள். சாயங்காலம் பெண் குழந்தை. எடை குறைவு. பிழைத்துக்கொண்டது.

மூன்றாம் நாள் முத்துமாரியின் புருஷன் வந்து சேர்ந்தான். பேச்சி பிரசவ வார்டில் கிடந்தாள். சொல்ல வேறு ஆள் இல்லை. பிணவறை வாசலில் நான்தான் சொன்னேன். அவன் என் முகத்தையே பார்த்தான்.

"எத்தன மாசம்க்கா?"

"மூணு முடியலய்யா."

அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். நானும் உட்கார்ந்து அழுதேன்.

போனவை: கம்பெனியில் இரண்டு அறைகள். பேச்சி வீட்டுக் கூரை. என் வலது காதின் கேட்கும் சக்தி. இறந்தவர்கள் மூன்று பெண்கள், இரண்டு ஆண்கள். ஆக ஐந்து பேர் என்று டிவியில் சொன்னார்கள்.

தப்பு. ஆறு பேர்.