நேற்று இல்லாத இனிப்பு

இந்த டீயில் பால் லேசாக அடிப்பிடித்திருக்கிறது, சார். குறையாகச் சொல்லவில்லை, குடிக்கலாம். என் கணிப்பு தவறாகவும் இருக்கலாம். எதை வாயில் வைத்தாலும் இப்படிப் பிரித்துப் பார்ப்பது பழகிவிட்டது. அதற்குத்தான் சம்பளம் வாங்கினேன்.

கீழ்வேளூரில் எங்கள் வீட்டில், நான் காரைக்காலில் ஒரு ஜூஸ் கம்பெனியில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தார்கள். பீர் காய்ச்சி அங்கேயே ஊற்றிக் கொடுக்கும் இடம் என்று அப்பாவிடம் எப்படிச் சொல்வது? ஒவ்வொரு டேங்கும் விற்பனைக்குப் போகும் முன் நான் ருசி பார்த்துச் சரி சொல்ல வேண்டும். வேலையை முறையாகக் கற்றுக்கொள்ள மாலை வகுப்பிலும் சேர்ந்தேன். உணவின் சுவையை மதிப்பிடும் வகுப்பு. நாகநாதன் சார் நடத்தினார்.

டீயை ருசி பார்ப்பவர்கள் துப்பிவிடலாம், பீரைத் துப்பக்கூடாது என்பது அவர் முதல் நாளே சொல்லிக்கொடுத்தது. "கசப்பு தொண்டையிலதான்மா உக்காந்திருக்கு. முழுங்காதவங்க மார்க் போடக்கூடாது" என்பார். சின்ன வாய்தான், ஆனால் விழுங்க வேண்டும். நானும் அப்படித்தான் செய்துவந்தேன்.

எனக்கு என் நாக்கின்மேல் நம்பிக்கை குறைவு. வகுப்பு முடிந்து பஸ்ஸில் வரும்போது, அன்று சொன்னதையெல்லாம் மறுபடி யோசித்துப் பாதியை மனதுக்குள் அடித்துவிடுவேன். அப்படியும், தை மாதம் ஒரு டேங்கில் நனைந்த சாக்கு வாடை அடித்தபோது வேண்டாம் என்றேன். முதலாளி பரணிதரன் சார் கேட்கவில்லை. விற்றார். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. பங்குனியில் இன்னொரு டேங்கில் புளித்த வெண்ணெய் வாடை. அதையும் விற்றார். இன்னொன்று கிடைக்குமா என்று கேட்டவர்கள்கூட உண்டு.

அன்று சமையல்கட்டுக்காரர்கள் வரை எல்லோரையும் கூப்பிட்டு நிற்கவைத்தார். "இவங்க நாக்க நம்புனா பச்சத்தண்ணிக்கும் லீவு விடணும்டா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். "இன்னொரு தடவ டேங்க நிறுத்துனீங்கன்னா, ருசி பாக்குற வேலை வேணாம், டேபிள் தொடைக்கலாம்" என்றார். அதன்பிறகு அங்கே என் பெயர் டவுட் மேடம்.

இதில் கோபப்பட என்ன இருக்கிறது? இரண்டு முறையும் நான் சொன்னதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. வாடைக்கு ஏது ஆதாரம், யாருக்காவது ஏதாவது ஆனால்தானே.

வைகாசியில் பிரவுன் ஏல் என்கிற அடர்நிற பீர் ஒன்றைக் காய்ச்சினார்கள். பார்லியோடு சிவப்பரிசியை வறுத்துச் சேர்த்தது. புழுங்கல் நெல் அவிக்கும் மில்லைத் தாண்டிப் போகும்போது வருமே, அந்தச் சூடான வாசனை. பின்னால் கருகிய ரொட்டி ஓரம்போல ஒரு மெல்லிய கசப்பு. உண்மையிலேயே நல்ல ஏல். அதை வைத்துச் சனிக்கிழமை ஒரு ருசிப் போட்டி ஏற்பாடாகியிருந்தது. வெளியூரிலிருந்தும் ஏல்கள் வந்திருந்தன. நாகநாதன் சார் தலைமை நடுவர். பேராவூரணியில் இருந்த தென்னந்தோப்பை விற்று இந்தத் தொழிலில் பணம் இறக்கியவர் பரணிதரன் சார். அவருக்கு அந்தப் பரிசு வேண்டியிருந்தது.

போட்டியன்று காலை மெக்கானிக் அஸார் அண்ணன் வந்தார். டேங்கைக் குளிரவைக்க அதன் சுவருக்குள்ளே குழாய் ஓடும். அதில் ஓடும் தண்ணீர் உறையாமலிருக்க ஒரு திரவம் கலப்பார்கள். தீங்கில்லாத வகையும் உண்டு. முதலாளி வாங்கியது வண்டிகளுக்கு ஊற்றுகிற மலிவான வகை. பச்சை நிறம், விஷம் என்று கேனிலேயே படம் போட்டிருக்கும்.

"தங்கச்சி, நேத்து ஒரு கேன் ஊத்துனேன். இன்னைக்கு லெவல் மறுபடி இறங்கிக் கெடக்கு. தரையில ஒரு சொட்டு இல்ல. எங்க போவுது?"

"சார்கிட்ட சொன்னீங்களாண்ணே?"

"சொன்னேன். ஊத்து, போட்டி முடியட்டும்ங்கிறாரு. நான் குடிக்கிற ஆளு இல்ல, எனக்கு ருசி தெரியாது. நீ ஒரு வாய் பாத்துச் சொல்லும்மா."

பார்த்தேன். வறுத்த வாசனை இருந்தது, கசப்பு இருந்தது. நேற்று இல்லாத ஓர் இனிப்பும் இருந்தது. அரிசியின் இனிப்பு வாசனையோடு வரும். இது வாசனையே இல்லாமல் தனியாக வந்தது. கொஞ்சம் வழவழப்பு, நாக்கில் மெல்லிய சூடு. கண்ணாடி டம்ளரை வெளிச்சத்தில் பிடித்தேன். வெளிர்நிற பீராக இருந்திருந்தால் பச்சை தட்டியிருக்கும். பிரவுன் எல்லாவற்றையும் மறைத்துவிடும்.

பரணிதரன் சார் கதவருகே நின்றார். "என்ன டவுட் மேடம், இன்னைக்குச் சாக்கா, வெண்ணெயா?"

"நல்லா இருக்கு சார்."

"அப்பாடா! மேடம் வாயால நல்லா இருக்குன்னு வந்துருச்சு. சாயந்தரம் மழை பேயும்டா!"

அஸார் அண்ணனிடமும் ஒன்றுமில்லை என்றேன். அவர் நிம்மதியாக அடுத்த கேனைத் திறந்து ஊற்றினார்.

மாலையில் நாகநாதன் சார் முறைப்படி நிறம் பார்த்தார், முகர்ந்தார், ஒரு வாய் எடுத்து விழுங்கினார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"வானதி, பின்னாடி ஒரு இனிப்பு வருதே. என்னம்மா அது?"

பரணிதரன் சார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நாகநாதன் சாரின் டம்ளரில் முக்கால்வாசி மீதமிருந்தது. கண்டுபிடித்துவிட்டார், சார். அந்த அறையில் என்னைத் தவிர அவருக்கு மட்டும்தான் தெரிந்தது.

"வறுத்த சிவப்பரிசி, சார்" என்றேன்.

"எப்பவும்போல இருக்கலாம்னு சொல்லலியே நீ! பரவால்ல, இப்பதான் தைரியமா பேச வந்துருக்கு" என்று என் தோளைத் தட்டினார். இன்னும் நிதானமாகப் பார்க்கவேண்டும் என்று டம்ளரைக் காலி செய்தார். முதல் பரிசு எங்கள் ஏலுக்குத்தான். அந்தச் சந்தோஷத்தில் பரணிதரன் சாரும் வந்தவர்களும் அதையே வாங்கி வாங்கிக் குடித்தார்கள்.

அன்று தள்ளாடியவர்களுக்குப் போதை என்று நினைத்தார்கள். மறுநாள் வாந்தி. அதன்பின் சிறுநீர் வரவில்லை. தஞ்சாவூர் ஆஸ்பத்திரி வராந்தாவில் நானும் நின்றேன். என்ன குடித்தார்கள், வேறு ஏதாவது கலந்ததா என்று டாக்டர் வருகிறவர்களையெல்லாம் கேட்டார். சீக்கிரம் தெரிந்தால் மாற்று மருந்து இருக்கிறது என்றும் சொன்னார். நான் டாக்டருக்குப் படித்தவளில்லை. தவறாகச் சொல்லிவிட்டால்? நாகநாதன் சாரின் மனைவிக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். அது நல்ல டீ.

அவரையும் சேர்த்து மூன்று பேர் இறந்ததாகச் சொன்னீர்கள். பரணிதரன் சார் பிழைத்துக்கொண்டார், சிறுநீரகம் இரண்டும் போய்விட்டதாமே.

நீங்கள் கேட்கும் முன் நானே சொல்லிவிடுகிறேன். அன்று காலை அந்த வாயை நான் விழுங்கவில்லை. துப்பிவிட்டு, தண்ணீர் விட்டு நன்றாகக் கொப்பளித்தேன். அதை வைத்து எனக்கு முன்பே தெரியும் என்று எழுதிக்கொள்ளாதீர்கள். தெரியாது, சார். சந்தேகம்தான். என் சந்தேகத்துக்கு அங்கே என்ன மரியாதை இருந்தது என்று எல்லோருக்கும் தெரியும்.

யார்மேலும் எனக்குக் கோபம் இல்லை. எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஓர் உதவி. டேங்கிலிருந்து எடுத்துப்போன ஏலின் லேப் அறிக்கை வந்ததும், பரணிதரன் சாரை டயாலிசிஸ் மெஷினில் படுக்கவைத்திருக்கும்போது, அதைக் கொஞ்சம் சத்தமாகப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். அந்தச் சமையல்கட்டு ஆட்களும் பக்கத்தில் நிற்கட்டும்.