வீரர் நலன்

உதவிப் பயிற்சியாளர்களின் பெயரைப் பத்திரிகைகள் பெரும்பாலும் பிழையாகத்தான் போடும். என்னைக் கிருஷ்ணராஜா என்றும் போட்டிருக்கிறார்கள், கிரிஷான் ராஜ் என்றும் போட்டிருக்கிறார்கள். கிண்ணத்தோடு எடுத்த படம் ஒன்றில் நான் 'மற்றும் பலர்' என்பதற்குள் நிற்கிறேன். எனக்கு அதில் மனவருத்தம் இருந்ததில்லை.

என் வாக்குமூலத்தை நீங்கள் தமிழில் எழுதிக்கொள்வது நல்லது, சேர். எனக்குச் சிங்களம் வரும். மைதானத்தில் பாதி நேரம் அந்தப் பாஷைதான். ஆனால் இதைச் சிங்களத்தில் சொன்னால் வேறு யாரோ செய்ததைச் சொல்வதுபோல இருக்கும்.

எங்களுடையது சம்பளம் கொடுத்து வீரர்களை வைத்திருக்கிற றக்பிக் கழகம். பயிற்சி ஹெவ்லொக் டவுனில். தலைமைப் பயிற்சியாளர் வலன்ரைனும் நானும் கொட்டாஞ்சேனையில் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். அவன் மெலிந்தவன், ஓடுவான். நான் தடித்தவன், தள்ளுவேன். அதனால்தான் அவன் தலைமைப் பயிற்சியாளரானபோது முன்வரிசை வீரர்களை என்னிடம் விட்டான். ஸ்க்ரம் என்பது நீங்கள் டீவியில் பார்த்திருப்பீர்கள். இரண்டு அணிக்காரரும் குனிந்து, தோளோடு தோள் பிணைந்து, ஒருவரை ஒருவர் தள்ளுவது. அந்தத் தள்ளலைச் சொல்லிக்கொடுப்பதுதான் என் வேலை. வேறு வேலை எனக்குத் தெரியாது.

போன பருவத்தில் தொடர்ந்து தோற்றோம். தலைமைப் பயிற்சியாளரை மாற்ற வெட்கப்படுகிற கழகம் உதவியாளர்களை மாற்றும். பின்வரிசைக்குப் பொறுப்பானவரை நிறுத்தினார்கள். உடற்பயிற்சிக்காரரை நிறுத்தினார்கள். வலன்ரைன் என்னை வெள்ளவத்தையில் ஒரு தேநீர்க் கடைக்குக் கூட்டிப்போனான். கடலைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னான்.

"மச்சான், உன்னையும் நிப்பாட்டச் சொன்னாங்க. நான்தான் மறிச்சன். ஃபோர்வர்ட்ஸை இனி நப்ரீஸ் பாக்கட்டும். நீ பிளேயர்ஸ்ட நலனைப் பார்."

நப்ரீஸ் நியூசிலாந்தில் பயிற்சி முடித்து வந்தவர். வயதில் என்னைவிட மிகவும் இளையவர். 'வீரர் நலப் பொறுப்பாளர்' என்று எனக்கு ஒரு ஜேர்சி அடித்துத் தந்தார்கள். ஐஸ் கட்டுவது, தண்ணீர் கொண்டு ஓடுவது, யாருக்கு என்ன நோவு என்று பார்ப்பது. இவற்றில் ஒன்றுதான் உண்மையான பொறுப்பு. யாருக்காவது தலையில் அடிபட்டால் உடனே டொக்டருக்கு அறிவிக்க வேண்டும். டொக்டர் மெச் நாட்களில்தான் மைதானத்துக்கு வருவார். மற்ற நாட்களில் நான் ஃபோன் எடுத்துச் சொன்னால்தான் அவருக்குத் தெரியும். அவர் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை அந்த வீரன் இறங்கக்கூடாது. சட்டம் அது. நல்ல சட்டம்.

சஜீத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். தெஹிவளைப் பிள்ளை. முன்வரிசையின் நடுவில் நிற்பவன், இரண்டு பக்கத்துப் பாரமும் அவன் கழுத்தில்தான் இறங்கும். மனைவி ஷஸ்னா, ஒரு சின்ன மகள். எனக்குப் பதவி மாறிய செய்தி வந்த அன்று மற்றவர்கள் என் முகத்தைப் பார்க்காமல் சப்பாத்து லேஸைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அவன் மட்டும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். போகும்போது என் ஐஸ் பெட்டியைத் தூக்கிக் காரில் வைத்துவிட்டுப் போனான். அதை நான் மறந்ததில்லை.

சில வாரங்களில் அதே சஜீத் வந்து சொன்னான்.

"அண்ணன், நப்ரீஸ் சேர் காட்டித் தந்த மாதிரிக் குனிஞ்சா கழுத்து நோவுறல்ல. இவ்வளவு நாளும் நாங்க வேற மாதிரித்தானே செஞ்சிருக்கோம்."

அவன் மனதில் கள்ளமில்லாமல்தான் சொன்னான். என்னோடு பங்குபோட வேண்டிய சந்தோஷம் என்று நினைத்திருப்பான். நானும் தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து யோகேஸ்வரி போட்ட சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தேன், இறங்கவில்லை. என்ன என்று கேட்டாள். வயிறு சரியில்லை என்றேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமைப் பயிற்சியில் மழை தூறிப் புல் வழுக்கியது. விழுந்தவர்களுக்கு மேல் விழுந்தவர்கள். ஒருவனுடைய முழங்கால் சஜீத்தின் நெற்றிப்பொட்டில் இடித்தது. நப்ரீஸ் மைதானத்தின் மற்றப் பக்கத்தில் இருந்தார். வலன்ரைன் ஃபோனில் இருந்தான். பார்த்தது நான் ஒருவன். சஜீத் எழும்பினான், ஓடினான், பயிற்சியை முடித்தான். பிறகு உடைமாற்றும் அறைக்குப் பின்னால் போய்ச் சத்தி எடுத்தான். நான் முதுகைத் தடவிவிட்டேன். வாயைக் கழுவிவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டான்.

"அண்ணன், நாங்க வெண்டோமா?"

அன்றைக்கு மெச் இல்லை. வெறும் பயிற்சி.

"வெண்டிட்டம்" என்றேன். சிரித்தான்.

அவனுடைய மோட்டார் சைக்கிளை அங்கேயே விட்டுவிட்டு என் காரில் ஏற்றினேன். வெள்ளவத்தையில் நிறுத்திப் பார்மசியில் பனடோல் வாங்கினேன். தெஹிவளையில் அவர்களுடைய ஃப்ளட்டில் லிஃப்ட் வேலை செய்யவில்லை. தோளில் கைபோட்டு மெதுவாக ஏற்றிக்கொண்டு போனேன். ஷஸ்னா கதவைத் திறந்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும் பயந்துவிட்டாள். டொக்டரிடம் காட்டத் தேவையில்லையா என்று கேட்டாள்.

"டொக்டரோட கதைச்சிட்டன், தங்கச்சி. நல்லா நித்திரை கொள்ளட்டும். கிளப்பில யாரும் கேட்டா ஒண்டும் சொல்லாதீங்க. பிறகு டீமில இருந்து எடுத்துப் போடுவாங்க."

டொக்டரோடு நான் கதைக்கவில்லை. அன்றும் இல்லை, அடுத்த நாளும் இல்லை.

ஏன் என்று நீங்கள் கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. திரும்பி வரும்போது காலி வீதியில் வாகனங்கள் நகரவில்லை. யோசிக்க நேரம் கிடைத்தது. சனிக்கிழமை மெச்சில் இவன் தலைசுற்றி உட்கார்ந்தால் எல்லோரும் பார்ப்பார்கள். டீவியில் காட்டும். எப்படி வந்தது என்று கேட்பார்கள், நப்ரீஸின் பயிற்சியில் வந்தது என்று தெரியவரும். ஒரு ஸ்ட்ரெச்சர், ஆஸ்பத்திரியில் ஓரிரண்டு நாள். பிறகு கழகம் தானாகவே என்னைக் கூப்பிடும். நான் நினைத்தது அவ்வளவுதான். அவனுக்குக் கெடுதல் வரவேண்டும் என்று நான் நினைத்ததே இல்லை.

ஆனால் நப்ரீஸ் கண்ணுள்ளவர். வியாழக்கிழமையே என்னிடம் வந்தார். சஜீத்துக்கு ஏதோ சரியில்லை, சொன்னது விளங்காமல் நிற்கிறான், என்ன காரணம் என்று கேட்டார். மகளுக்குக் காய்ச்சல், அவனுக்கு இரவில் நித்திரை இல்லை என்றேன். அப்படியென்றாலும் இந்தக் கிழமை ஓய்வு கொடுப்போம் என்றார்.

இங்கே நான் சும்மா இருந்திருந்தால் போதும், சேர். ஒன்றும் செய்யாமல் நின்றிருந்தாலே அவன் சனிக்கிழமை வீட்டில் மகளோடு இருந்திருப்பான். இதை நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

நான் வலன்ரைனிடம் போனேன். நப்ரீஸ் தனக்கு வேண்டிய ஒருவனைக் கொண்டுவரப் பார்க்கிறார், அதற்காகத்தான் சஜீத்தை உட்காரவைக்கிறார் என்றேன். வலன்ரைனுக்கு அந்த மாதிரி விஷயம் பிடிக்காது என்று எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். அவன் கேட்டது ஒன்றே ஒன்று.

"பொடியன் ஃபிட்டா? நீதானே அதைப் பாக்கிற ஆள்."

"ஃபிட்" என்றேன்.

மைதானத்தில் நடந்ததைக் கடைசியாகச் சொல்கிறேன். மற்றதைச் சொல்லி முடித்துவிட்டால் அது இலகுவாக இருக்கும். அவன் விழுந்ததும், ஆஸ்பத்திரியில் கண் திறக்காமலே போனதும் உங்களுக்குத் தெரிந்ததுதான். முதல் அடி ஆறாத மூளையில் இரண்டாவது அடி பட்டது என்று டொக்டர்மார் சொன்னார்கள். மறுநாள் தெஹிவளையில் அடக்கினார்கள். உடலை வைத்த சந்தூக்குப் பெட்டிக்குக் கொஞ்சத் தூரம் என்னையும் தோள் கொடுக்க விட்டார்கள். மற்றவர்களைவிட நான் உயரம் என்பதால் அது ஒரு பக்கம் சரிந்தது. நான் முழங்காலை மடித்துக் குனிந்து நடந்தேன். ஷஸ்னா வெளியே வரவில்லை. தன் தம்பியிடம் எனக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருந்தாள். அன்றைக்கு அவரைப் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டதை மறக்க மாட்டாளாம். நான் வாசலில் நின்று அழுதேன். நடித்தேன் என்று எழுதாதீர்கள். உண்மையாகத்தான் அழுதேன்.

கழகம் விசாரணை வைத்தது. அடிபட்ட அன்றைக்கே நப்ரீஸிடம் வாயால் சொன்னேன், தான் டொக்டருக்கு அறிவிப்பதாக அவர் சொன்னார் என்றேன். நப்ரீஸ் என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமாக இல்லை, எதையோ தேடுகிற மாதிரி. பிறகு, தனக்கு அப்படி ஒரு ஞாபகம் இல்லை என்றார். ஞாபகம் இல்லை என்பது பலவீனமான பேச்சு. பொய்யன் என்றால் 'சொல்லவே இல்லை' என்று மேசையில் அடித்திருப்பான். நல்ல மனிதர்கள்தான் ஞாபகம் இல்லை என்பார்கள். கணவன் இறந்த பெண் வெளியாரைச் சந்திக்காமல் இருக்கிற இத்தாவில் ஷஸ்னா இருந்ததால் அவளிடம் யாரும் போய்க் கேட்கவில்லை. வலன்ரைனும் 'ஃபிட்டா' என்று என்னிடம் கேட்டதை வெளியே விடவில்லை, நப்ரீஸை மறித்துச் சஜீத்தை இறக்கியவன் அவன்தானே. நப்ரீஸை நீக்கினார்கள். விஷயம் பொலிசுக்கும் போனது, நப்ரீஸ் மேல் வழக்கும் வந்தது. முன்வரிசை வீரர்கள் திரும்ப என்னிடம் வந்தார்கள். முதல் நாள் ஸ்க்ரமுக்குக் குனியச் சொன்னேன். எல்லோரும் நப்ரீஸ் சொல்லிக்கொடுத்த மாதிரியே குனிந்தார்கள். நான் திருத்தவில்லை. அது சரியான முறைதான்.

போன கிழமை நப்ரீஸ் கொட்டாஞ்சேனைக்கு என் வீட்டுக்கு வந்தார். மெலிந்துபோயிருந்தார், தாடி வளர்ந்திருந்தது. யோகேஸ்வரி தேத்தண்ணி கொடுத்தாள். அதைத் தொடாமல் கைகளைக் கோத்துக்கொண்டு இருந்தார்.

"அண்ணன், நீங்க சொன்னது எனக்கு ஞாபகமே வருதில்ல. எவ்வளவோ யோசிச்சுப் பாத்துட்டன். ஆனா நீங்க பொய் சொல்ற ஆளில்ல. அப்ப நான்தான் மறந்திருக்கன், மறந்துட்டுத்தான் வியாழக்கிழமை உங்களுக்கிட்டயே வந்து கேட்டிருக்கன். ஒரு மனிசன்ட உயிர நான் மறந்திருக்கன். கோர்ட்டில நான் மறுக்கப் போறல்ல. அத உங்களுக்கிட்டச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தன்."

அவர் போன பிறகு அந்தத் தேத்தண்ணியில் ஆடை படியும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். செய்யாத ஒன்றை ஒரு மனிதன் இவ்வளவு ஒழுங்காகச் சுமக்கிறான். அவருக்கு ஒரு உதவியாக இருக்கட்டும் என்றுதான் இன்று இங்கே வந்தேன். என்னை யாரும் கூப்பிடவில்லை. அதைக் கவனத்தில் எடுப்பீர்கள் என்று நம்புகிறேன்.

இனி மைதானம்.

இரண்டாவது பாதி. சஜீத் கூட்டத்திலிருந்து விலகித் தனியாக நின்றான். மற்றவர்கள் ஓடிய பக்கம் அவன் ஓடவில்லை. டொக்டர் அந்த நேரம் கோட்டுக்கு வெளியே தோள் விலகிய ஒருவனோடு இருந்தார். நப்ரீஸ் என் கையைப் பிடித்தார்.

"அண்ணன், ஓடிப்போய் சஜீத்தப் பாருங்க. சரியில்லாட்டிக் கையக் காட்டுங்க. உடனே வெளியில எடுத்திர்றன்."

தண்ணீர்ப் போத்தலோடு ஓடினேன். மூச்சு வாங்கிக்கொண்டு அவன் முன்னால் நின்றேன். ஒரு கண்ணின் மணி மற்றதைவிடப் பெரிதாக இருந்தது. அதன் அர்த்தம் எனக்குத் தெரியும், அதைப் படிப்பிக்கத்தான் கழகம் என்னை ஒரு வகுப்புக்கும் அனுப்பியிருந்தது. தண்ணீரை வாயில் பீய்ச்சினேன், அவன் விழுங்கவில்லை, தாடையில் வழிந்தது. துவாயால் துடைத்துவிட்டேன். என்னை அடையாளம் கண்டுகொண்டான். அந்த முகத்தில் ஒரு நிம்மதி வந்தது, சேர். தெரிந்த ஆள் வந்துவிட்டான் என்கிற நிம்மதி. மெதுவாக, யாருக்கும் கேட்கக்கூடாது என்பதுபோலக் கேட்டான்.

"அண்ணன், எங்கட பக்கம் எது?"

நான் அவனுடைய இரண்டு தோள்களையும் பிடித்தேன். எதிரணி நின்ற பக்கமாகத் திருப்பிவிட்டேன். முதுகில் தட்டினேன். பிறகு நப்ரீஸைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினேன்.

அதற்கடுத்த ஸ்க்ரமிலிருந்துதான் அவன் எழும்பவில்லை.

எழுதி முடித்துவிட்டீர்களா? ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவ்வளவு சனம் இருந்த அந்த மைதானத்தில், அவன் எங்கே போவது என்று தெரியாமல் நின்றபோது, பக்கத்தில் ஓடிப்போய் அன்பாகத் தொட்டு வழிகாட்டியவன் நான் ஒருவன்தான்.