சாந்து பூசாத ஐந்தாவது சிலை

மேடையில் அமர்ந்திருக்கும் சிற்பிகள் சங்கத் தலைவர் ஐயா அவர்களே, இந்தக் கூடத்தை எங்களுக்காகத் திறந்துவிட்டிருக்கும் கேலரி மேடம் அவர்களே, அத்தையோடு படித்தவர்களே, அத்தையோடு சண்டை போட்டவர்களே, வேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வந்திருக்கும் எங்கள் தெருக்காரர்களே, முன்வரிசையில் இருக்கும் அம்மா, அப்பா! உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

குடும்பத்தின் சார்பில் நான் பேச வேண்டும் என்றார்கள். பள்ளியில் பேச்சுப் போட்டிக்குப் போகிறவள் என்பதால் என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். என்ன பேச வேண்டும் என்று அப்பா எழுதியும் கொடுத்தார். நல்ல பேச்சு அது. நன்றி, புகழ், வணக்கம் எல்லாம் அதில் இருந்தன. ஆனால் நான் இப்போது படிக்கப்போவது அது இல்லை. இதை வீட்டில் யாரிடமும் காட்டவில்லை.

யாருக்காக இங்கே கூடியிருக்கிறோம்? சங்கத்தின் அழைப்பிதழில் 'சில்லோவியச் சிற்பி' என்று அச்சடித்திருக்கிறார்கள். எங்கள் தெருவுக்கு அவர் சில்லக்கா. எனக்குச் சில்லு அத்தை. அப்பாவின் உடன்பிறந்த அக்கா. எங்கள் வீட்டு மாடிதான் அவர் பட்டறை. கம்பியை வளைத்து எலும்பு செய்வார். அதன்மேல் வலை சுற்றிச் சிமெண்ட் பூசிச் சதை செய்வார். பிறகு உடைந்த கண்ணாடியையும் பீங்கானையும் குறடால் வெட்டி ஒவ்வொரு சில்லாக ஒட்டுவார். முகம் வரும். முழங்கை வரும். ஒருநாள் மாடியேறிப் போனால் அங்கே ஓர் ஆள் உட்கார்ந்திருப்பார்!

அந்தச் சில்லுகள் எங்கிருந்து வந்தன? கடையிலிருந்து கொஞ்சம் வந்தது. மீதியெல்லாம் உங்கள் வீட்டு அடுப்படியிலிருந்துதான் வந்தது, அக்காமார்களே! தட்டு உடைந்தால் குப்பையில் போடாமல் முந்தானையில் அள்ளிக்கொண்டு மாடியேறி வருவீர்களே! வாங்குவதற்கு முன்னால் அத்தை விசாரணை நடத்துவார். கீழ்வீட்டு அக்கா பூப்போட்ட தட்டைக் கொண்டுவந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"தானா விழுந்துச்சா, யாராவது எறிஞ்சாங்களா?"

"அது எதுக்குச் சில்லக்கா உங்களுக்கு? உடைஞ்சுது, அவ்வளவுதான்."

"தானா விழுந்தது நேரா விரியும்மா. இது பல்லு பல்லா இருக்கு. உன் வீட்டுக்காரர் கைவரிசையா?"

"அவரா? அவருக்கு எங்க அவ்வளவு தைரியம்! நான்தான் எறிஞ்சேன்."

"அப்படிச் சொல்லு! இதை வயித்துல வெக்கிறேன். நல்லா கடிக்கட்டும்."

அப்படித்தான் ஒரு காவலாளியின் வயிற்றில் அந்தத் தட்டு போய்ச் சேர்ந்தது. இரவுக் காவலுக்கு வந்து நாற்காலியிலேயே தூங்கிவிட்ட காவலாளி. இதோ, உங்கள் பின்னால் துணி போர்த்திய நான்கு சிலைகளில் வலது கோடியில் இருப்பவர்.

கேலரியில் கண்காட்சி என்றால் மற்ற சிற்பிகள் புதுச்சட்டை போட்டுக்கொண்டு வருவார்கள். அத்தை தெருவையே கூட்டிக்கொண்டு வருவார். "அதோ என் தட்டு!", "ஏய், இந்த மூக்கு எங்க வீட்டு டீ கப்புடி!" என்று கூடமே அதிரும். மேடம் ஓடிவந்து, "மெதுவா பேசச் சொல்லுங்க, வாங்க வந்தவங்க பயந்துடப் போறாங்க" என்பார். ஒருமுறை கோட் போட்ட ஒருவர், "இவங்கல்லாம் யாரு?" என்று கேட்டார். அத்தை கொஞ்சமும் யோசிக்கவில்லை. "எனக்கு மெட்டீரியல் சப்ளை பண்றவங்க" என்றார். இன்னொருவர், "எங்க வீட்டு சோபா பச்சை. அதுக்கு ஏத்த மாதிரி ஒரு ஆள் கிடைக்குமா?" என்று கேட்டார். "ஆள் கிடைக்கும். ஆனா அவருக்கு உங்க சோபா பிடிக்கணுமே" என்றார் அத்தை. மேடம், நீங்கள் அன்று தலையில் கை வைத்துக்கொண்டீர்கள். ஆனால் அந்தச் சிலைக்கு விற்றுவிட்டது என்ற சிவப்புப் பொட்டை ஒட்டியதும் நீங்கள்தான்! அவர் அதை வாங்கிக்கொண்டுதான் போனார்.

விற்பனைக்கு மட்டுமா உழைத்தார் என் அத்தை? மருத்துவமனையில் குழந்தைகள் வார்டுக்குப் போகும் நடையில், ஒரு சின்னப் பிள்ளை கை நீட்டினால் எட்டும் உயரத்தில், சுவர் நெடுக மீன்கள் ஓடுகின்றனவே, பார்த்திருக்கிறீர்களா? அது அத்தையின் கை. நடக்கப் பழகும் பிள்ளைகள் அந்த மீன்களைப் பிடித்துக்கொண்டே போகிறார்கள். அந்தச் சுவரில் சில்லுக்கும் சில்லுக்கும் நடுவில் உள்ள இடுக்கையெல்லாம் அத்தை சாந்தால் அடைத்து, ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து வழவழப்பாக்கினார். குளியலறை டைல்ஸுக்கு நடுவில் அடைப்பார்களே, அதே சாம்பல் நிறச் சாந்துதான். "இங்க குழந்தைங்க கை படும். ஒரு முனைகூட வெளிய தெரியக் கூடாது" என்றார்.

அந்த வேலை முடிந்த பிறகுதான் இந்த ஐந்து சிலைகளையும் தொடங்கினார். ஐந்து பேருமே காத்திருப்பவர்கள். பேருந்துக்காகக் காத்திருக்கும் பெண், மருந்துச்சீட்டை மடியில் வைத்திருக்கும் கிழவர், மழைவிடக் காத்திருக்கும் குடைக்காரர், தூங்கிவிட்ட காவலாளி. ஐந்தாவது ஒருத்தி தலை துவட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இவர்கள் ஒருவருக்கும் அத்தை சாந்து பூசவில்லை. ஏன் பூசவில்லை?

இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்த ஒரே ஆள் நான்தான். அதனால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

பள்ளி விட்டதும் நான் மாடிக்குத்தான் போவேன். சில்லுகளை நிறம் பிரித்து டப்பாவில் போடுவது என் வேலை. சிலையைத் தொட அனுமதி கிடையாது. "கண்ணால தொடு" என்பார். ஒருநாள், "எப்ப அத்தை சாந்து பூசுவோம்?" என்று கேட்டேன்.

"இவங்களுக்கு எதுக்குடி சாந்து? இவங்களை யாரும் பிடிச்சுக்கிட்டு நடக்கப்போறதில்ல. பாத்தா போதும்."

"இடுக்கு இடுக்கா தெரியுதே."

"தெரியட்டும். இங்க வா, ஜன்னலைத் திறந்துட்டு இவ தலையைப் பாரு."

பார்த்தேன். தலை துவட்டுகிறவளின் கூந்தல் முழுக்கக் கறுப்புக் கண்ணாடியும் கருநீலக் கண்ணாடியும். ஒவ்வொரு சில்லையும் ஒவ்வொரு சாய்வில் ஒட்டியிருந்தார். இடுக்குக்குள் வெளிச்சம் இறங்கி, கண்ணாடியின் ஓரத்தில் பட்டு வெளியே வந்தது. முடியிலிருந்து தண்ணீர் சொட்டுவதுபோல இருந்தது! நான் ஓரடி தள்ளி நின்றால் சொட்டு வேறிடத்துக்குப் போனது. அத்தை என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். "முடிஞ்சுபோச்சு. இனிமே இதுல கை வெச்சா கெட்டுடும்" என்றார்.

பிறகு அத்தை போய்விட்டார். காய்ச்சல் இல்லை, படுக்கை இல்லை. கண்காட்சிக்கு நாள் குறித்தாகிவிட்டது, ஆள் இல்லை.

மேடமும் அப்பாவும் பட்டறைக்கு வந்தார்கள். நானும் பின்னாலேயே போனேன். மேடம் சிலைகளைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"சார், இது முடிஞ்சிருக்கா, பாக்கி இருக்கா? இப்படியே வெச்சா பாதில நின்ன வேலைன்னுதான் எல்லாரும் நினைப்பாங்க."

"பாக்கிதான் மேடம். பாருங்க, ஓட்டை ஓட்டையா இருக்கு. அக்கா எதையும் அரைகுறையா அனுப்பினதில்ல. இவதான் எப்பப் பாத்தாலும் மேலயே கிடப்பா, இவளைக் கேளுங்க."

மேடம் என்னிடம் குனிந்தார். "அத்தை சாந்து பூசறதா இருந்தாங்களாம்மா?"

நான் "ஆமா" என்றேன்.

ஏன் சொன்னேன்? அப்பா பக்கத்தில் நின்றார், அப்பா சொன்னதை இல்லையென்று சொல்லிப் பழக்கமில்லை என்று சொல்லலாம். அது பாதி உண்மை. மீதி உண்மை என்ன? 'பூசறதா இருந்தாங்க' என்றால் யார் பூசுவார்கள் என்று எனக்குத் தெரியும். சாந்து கலக்கத் தெரிந்தவள் வீட்டில் நான் ஒருத்திதான். அத்தை தொட விடாத சிலைகளைத் தொட எனக்கு ஆசையாக இருந்தது. அத்தை இறந்து துக்கம் ஆறவில்லை, எனக்கு அந்த ஆசை வந்துவிட்டது! எப்படிப்பட்ட பெண் நான்?

நான்கு சிலைகளுக்கும் பூசினோம். நான் கலக்கினேன், அப்பா தேய்த்தார். அப்பாவுக்கு அந்த வேலை பழக்கமே இல்லை. விரல் நுனியெல்லாம் கண்ணாடி கீறிவிட்டது. அம்மா கையுறை கொடுத்தார், வேண்டாம் என்றுவிட்டார். "அக்கா விட்டுட்டுப் போன வேலை. நாமதான் முடிச்சு வெக்கணும்" என்று சொல்லிக்கொண்டே தேய்த்தார். காவலாளியின் முகத்தைத் துணியால் துடைக்கும்போது குழந்தையின் முகத்தைத் துடைப்பதுபோலத் துடைத்தார். அப்பா அழுது நான் பார்த்தது அன்றுதான். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டாமா? திறக்கவில்லை. இவ்வளவு அன்பாகச் செய்கிற வேலையைத் தப்பு என்று எப்படிச் சொல்வது என்று நினைத்தேன். அப்படி நினைத்துக்கொண்டே அடுத்த வாளிச் சாந்தைக் கலக்கினேன்.

சிலைகளை இந்தக் கூடத்துக்குக் கொண்டுவந்து இறக்கியபோது கீழ்வீட்டு அக்காவும் உதவிக்கு வந்தார். வந்தவர் நேரே காவலாளியிடம் போனார். வயிற்றைப் பார்த்தார். குனிந்து பார்த்தார். இந்தப் பக்கம் வந்து பார்த்தார்.

"என் தட்டு எங்கடி?"

"அங்கதான்க்கா இருக்கு."

"எங்க? பூ தெரியுது. உடைஞ்ச பல்லு எங்க போச்சு? இது கடையில வாங்கி ஒட்டின மாதிரி இருக்கு. நான் எறிஞ்ச தட்டு இது இல்லடி."

சாந்து எல்லாப் பல்லையும் மூடிவிட்டது. காவலாளி வழவழவென்று இருந்தார். விளக்கைப் போட்டார்கள். வெளிச்சம் அவர்மேல் பட்டு, பட்ட இடத்திலேயே நின்றுவிட்டது. கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்து, சிலைகளுக்குத் துணி போர்த்த உதவினேன்.

பெரியோர்களே! இன்றைய அழைப்பிதழில் என்ன அச்சடித்திருக்கிறது? "முற்றுப்பெறாமல் விட்டுச்சென்ற சிற்பங்களைக் குடும்பத்தாரே முடித்துத் தந்திருக்கிறார்கள்" என்று இருக்கிறது. படித்துவிட்டு எத்தனை பேர் அப்பாவின் கையைப் பிடித்துக் கண் கலங்கினீர்கள்! தலைவர் ஐயா, அந்த வரி பொய். அந்தப் பொய்யை எழுதியவர்களுக்கு அது பொய் என்று தெரியாது. எனக்குத் தெரியும். அத்தை ஒன்றையும் முடிக்காமல் விட்டுப் போகவில்லை. அவர் முடித்ததை நாங்கள் மூடினோம்.

தலை துவட்டுகிறவள் மட்டும் இன்னும் தப்பித்திருக்கிறாள். பெரிய சிலை என்பதால் கடைசிக்கு வைத்திருந்தோம். உள்ளே, சிலைகளைப் பெட்டியில் கட்டும் அறையில் உட்கார்ந்திருக்கிறாள். நாளைக் காலை அவளுக்கும் சாந்து பூசுவதாக ஏற்பாடு. கலக்க வேண்டியவள் நான்.

நான் கலக்க மாட்டேன். மேடம், தயவுசெய்து அவளை அப்படியே வையுங்கள். விற்காமல் போனால் போகட்டும். பாதி வேலை என்று யாராவது சொன்னால் என்னைக் கூப்பிடுங்கள், ஜன்னலைத் திறந்து எங்கே நின்று பார்க்க வேண்டும் என்று நான் காட்டுகிறேன்.

இதை வீட்டிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். வீட்டில் அப்பா ஒருமுறை முறைத்துப் பார்த்தால் நான் மறுபடியும் ஆமா என்று தலையாட்டிவிடுவேன். எனக்கு என்னைத் தெரியும். இத்தனை பேர் கேட்ட பிறகு தலையாட்ட முடியாது. அதற்காகத்தான் இந்த மேடையை எடுத்துக்கொண்டேன். அத்தையின் பெயரால் கூடிய கூட்டத்தை என் பயத்துக்காகப் பயன்படுத்தியதற்கும் நீங்கள் என்னை மன்னிக்க வேண்டும்.

அப்பா, உங்கள் மேல் எந்தத் தப்பும் இல்லை. நீங்கள் என்னை நம்பினீர்கள். அவ்வளவுதான் நீங்கள் செய்தது.

இப்படிப்பட்ட கூட்டங்களில், மறைந்தவரின் பணியைத் தொடர்வோம் என்று உறுதி எடுப்பார்கள். அத்தையின் பணியைத் தொடர எனக்குத் தகுதி இல்லை. நான் செய்த வேலையை அழிக்க மட்டும்தான் முடியும். காவலாளியின் முதுகுப் பக்கம், யாரும் பார்க்காத இடத்தில், கோணி தைக்கும் ஊசியால் கொஞ்சம் சுரண்டிப் பார்த்தேன். ஒரு சில்லின் முனை போய்விட்டது. அதை மறைக்கவில்லை, இதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் சாந்து வருகிறது! மெல்ல மெல்ல, பொடிப்பொடியாக வருகிறது. உள்ளேயிருந்து பழைய ஓரம் தெரிகிறது. நான்கு பேரையும் நான் சுரண்டி எடுப்பேன். பரீட்சை வரும், போகும். இது முடியும்வரை விடமாட்டேன். இது என் உறுதி.

கூட்டம் முடிந்ததும் காவலாளியிடமிருந்து தொடங்குகிறேன். அக்காமார்களே, உங்கள் தட்டு எங்கே இருந்தது, எப்படி உடைந்தது என்று உங்களுக்குத்தான் தெரியும். வந்து காட்டுங்கள். பழைய பல் துலக்கும் பிரஷ் இருந்தால் கொண்டுவாருங்கள், தூசி தட்ட வேண்டும்.

அப்பா, நீங்களும் வாங்க. இந்தத் தடவை கையுறை போட்டுக்கிட்டு வாங்க.