கொரிந்தியர் என்பவர் யார்?

"யாரும்மா இந்தக் கொரிந்தியர்? உங்க பெரிய மாமாவா?"

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் பேருந்தில் இதைக் கேட்டதும் என் கைப்பேசியை மூடிவிட்டேன். முன் இருக்கையில் இருவர். நாளைய திருமணத்தின் மணப்பெண்ணுக்கு அக்கா ஒருத்தி, கெடார் கிராமத்துக்காரி. மாப்பிள்ளையின் தங்கை மற்றவள், மாதா கோயிலில் படிக்க வேண்டிய பைபிள் வாசகத்தை ஒரு தாளைப் பார்த்து முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

"ஆளு இல்லக்கா. கொரிந்துன்னு பழங்காலத்து ஊரு. அந்த ஊரு ஜனங்கதான் கொரிந்தியர்."

"கெடார்க்காரங்கன்ற மாதிரியா?"

"ஆமாக்கா. அவங்களுக்கு எழுதின லெட்டரு இது."

"அவங்க லெட்டர எங்க வீட்டுக் கல்யாணத்துல ஏன் படிக்கறீங்க?"

"கோஷ்டி கோஷ்டியா அடிச்சிக்கினு இருந்தாங்க. அன்பா இருங்கன்னு எழுதினது."

"சண்டைக்காரங்களுக்கு எழுதினதா கல்யாணத்துல?"

தங்கை தாளை மடிக்கப் போனாள். அக்கா கையை நீட்டினாள்.

"மாதா கோயில் கல்யாணத்துக்கு வரமாட்டேன்னு எங்கப்பா உக்காந்துக்கினு இருக்காரு. அந்தத் தாளக் குடு, இன்னிக்கே படிச்சுக் காட்றேன்."

"கொரிந்தியர் யாருன்னு கேப்பாரே?"

"பங்காளிங்கன்னு சொல்லிப் பாக்கறேன். அவருக்கு ஜல்தியா புரியும்."