ஒவ்வாத மருந்து: இல்லை

லிஃப்டுக்கு யாராவது ஓடி வந்தால் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பவன் நான், ஐயா. அலுவலகத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

மருத்துவமனைகளையும் தொழிலாளர் நலத் துறையையும் கணினியில் இணைப்பது என் வேலை. ஆலை மருத்துவ அறையில் நர்ஸ் எழுதுவது பெரிய மருத்துவமனையின் திரையில் தெரிய வேண்டும். மூன்று வருடம் மேசை மேசையாக அலைந்தேன். தொழிலாளர் நல இயக்குநர் ஒவ்வொரு கூட்டத்திலும் எல்லார் முன்னாலும் கேட்பார்: "என்ன தம்பி, உங்க பாலம் எப்பத் திறக்குது? எங்க காலத்துல அதுல நடந்துருவோமா?" சிரிப்பு அடங்கும்வரை தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பேன். கோபம் பாவம் என்று நம்புகிறவன்.

தொழிலாளர் நலத் துறையின் படிவத்தில் 'ஒவ்வாத மருந்து' என்ற கட்டமே கிடையாது. மருந்து ஆகாத நானூற்றுப் பன்னிரண்டு பேரின் விவரத்தை நர்ஸ்கள் ஓரத்தில் 'குறிப்பு' என்ற இடத்தில் எழுதியிருந்தார்கள். படிவத்தை மாற்றச் சொல்லி இயக்குநருக்கு நான்கு முறை எழுதினேன். பதில் இல்லை. என் கணினியில் அந்தக் கட்டம் உண்டு; வெற்றாக விட்டால் ஏற்காது. எல்லாவற்றிலும் 'இல்லை' என்று நிரப்பி, குறித்த நாளில் இணைப்பைத் தொடங்கினேன்.

ஓர் ஆலை நர்ஸ் தொலைபேசியில் அழைத்தாள்.

"அண்ணா, எங்க தையல் பிரிவு அக்காவுக்குப் பென்சிலின் ஆகாது. குறிப்புல நான்தான் எழுதினேன். உங்க திரையில இல்லைன்னு காட்டுது."

"உங்க இயக்குநர்கிட்ட ஒரு கடிதம் வாங்கி அனுப்பும்மா. வந்ததும் மாத்திடறேன்."

பத்து நிமிட வேலை. நர்ஸ் மூன்று முறை அழைத்தாள். மூன்றாம் முறை அழுதாள். அவளுக்காகப் பிரார்த்திப்பதாகச் சொன்னேன், பிரார்த்திக்கவும் செய்தேன்.

பிறகு அவள் 'பென்சிலின் ஆகாது' என்று ஒரு சீட்டில் எழுதி அந்தத் தையல் பிரிவுப் பெண்ணின் பர்ஸில் வைத்திருக்கிறாள். காய்ச்சலோடு வந்த அந்தப் பெண் அவசரப் பிரிவில் சீட்டை நீட்டியிருக்கிறாள். மருத்துவர் சீட்டைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். திரைக்கு மேலே என் கையெழுத்திட்ட சுற்றறிக்கை ஒட்டியிருந்தது: கைச்சீட்டுகளை ஏற்க வேண்டாம், திரையில் உள்ளதே பதிவு. ஊசி போட்ட அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது.

செய்தி வந்ததும், இனி இயக்குநர் சிரிக்கமாட்டார் என்றுதான் முதலில் தோன்றியது. இப்படி ஒன்று நடக்கட்டும் என்றுதான் காத்திருந்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இறந்துபோன பெண்ணின் கணவர் அலுவலகத்துக்கு வந்து அந்தச் சீட்டை என் மேசையில் வைத்தார். "இதுல தெளிவாத்தானே சார் எழுதியிருக்கு?" என்றார். அவரை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தேன். அவர் கண்முன்னே அந்தப் பெண்ணின் பதிவைத் திறந்து, 'இல்லை' என்பதை அழித்து, 'பென்சிலின்' என்று எழுதினேன். அவர் மனதுக்கு ஓர் ஆறுதலாக இருக்கட்டுமே என்றுதான்.

மற்ற நானூற்றுப் பதினொன்றும் அப்படியேதான் இருக்கின்றன, ஐயா. இயக்குநரின் கடிதம் இன்னும் வரவில்லை.