எலி குடித்த கஷாயம்

— உட்காருங்க மாமா. என்ன, காலை இழுத்து இழுத்து நடக்குறீங்க?

— லிஃப்ட் கூட இல்லாத கட்டடத்துல ஆராய்ச்சியாம் ஆராய்ச்சி! படி ஏறினதுல முட்டி பிடிச்சுக்கிச்சு, அவ்வளவுதான். உன் எலி ஜோசியம் என்ன சொல்லுதுன்னு சீக்கிரம் எழுதிக் கொடு, டாக்டரம்மா. தையல்காரர் மகன் என் கஷாயக் கடை வாசல்ல நின்னு கத்துறான். அவங்கப்பா ரத்த வாந்தி எடுத்ததுக்கு என் முட்டிவலிக் கஷாயம்தான் காரணமாம். வெறும் இலைத் தண்ணின்னு நீ கையெழுத்துப் போடு, அவன் மூஞ்சியில விட்டெறியறேன்.

— அக்கா, நீயும் உட்காரேன். ஏன் கதவோரமாவே நிக்கிற?

— பரவாயில்லடி. நீ விஷயத்தைச் சொல்லு.

— எலியோட பாதத்துல வீக்கம் வர்றதுக்கு ஊசி போட்டோம் மாமா. கொஞ்சம் எலிக்கு வெறும் தண்ணி, கொஞ்சம் எலிக்கு போன மாசம், தையல்காரர் படுக்குறதுக்கு முன்னாடியே நீங்க கொடுத்த பாட்டில் கஷாயம். கஷாயம் குடிச்சதுக்கெல்லாம் வீக்கம் மளமளன்னு வடிஞ்சிடுச்சு.

— பார்த்தியா! நீ இத்தனை வருஷம் காலேஜ்ல குப்பை கொட்டியும் தெரியாததை நான் வேலியோரத்துல பறிச்சுட்டு வந்துட்டேன்.

— இன்னும் முடிக்கல. பையில கொடுத்தீங்களே பச்சை இலை, அதை நானே இங்க காய்ச்சினேன். அதைக் குடிச்ச எலிக்கும் தண்ணி குடிச்ச எலிக்கும் ஒரு வித்தியாசமும் இல்ல. ரெண்டுக்கும் கால் பன்னு மாதிரி.

— உனக்கு வெந்நீர் வைக்கவே தெரியாதுன்னு அத்தையே சொல்லுவாங்க. இதுக்குக் கைப்பக்குவம் வேணும்மா, கைப்பக்குவம்!

— அந்தக் கைப்பக்குவம் என்னன்னு மிஷின்ல போட்டுப் பார்த்தேன். உங்க பாட்டில்ல கலந்திருக்கிறது மருந்துக்கடையில விக்கிற வலி மாத்திரை. தினம் குடிச்சா வயிறு புண்ணாகி ரத்தம் வர்ற ரகம்.

— மாத்திரையா? நானா? தலைவலிக்குக்கூட ஒண்ணு முழுங்கினதில்ல! காசு கொடுத்து விஷம் வாங்கித் திங்கிற கூட்டம் நீங்க. உன் மிஷின் ஓட்டை. இல்ல, நீயே கலந்திருப்ப. உங்கக்காவைக் கட்டின நாள்ல இருந்து என்னைக் கண்டா உனக்கு இளக்காரம்.

— இளக்காரம்தான், இல்லேங்கல. ஆனா நான் கலக்கல. உங்க அடுப்படிக்கு யார் வர்றாங்க?

— யார் வருவா? இலை பறிக்கிறது நான். காய்ச்சி ஊத்துறது உங்கக்கா. அவ வாயில்லாப் பூச்சி. கஷாயத்துக்கும் டீத்தண்ணிக்கும் வித்தியாசம் தெரியாது.

— தெரியுங்க. கலக்கினது நான்தான்.

— அக்கா!

— என்னடி உளறுற?

— முன்ன ஒரு தடவை முட்டி வீங்கிப் படுத்தீங்களே, வீட்டையே அலற வெச்சீங்களே. மாத்திரை கொண்டுவந்தா தட்டி விட்டீங்க. பார்க்கச் சகிக்காம உங்க இலைத் தண்ணியில அரைச்சுப் போட்டேன். மறுநாள் எழுந்து நடந்தீங்க. சொல்லலாம்னு வாசலுக்கு வந்தா, தெருவையே கூட்டி வெச்சு இலையோட மகிமையைப் பேசிட்டு இருக்கீங்க.

— அப்பவே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல!

— வாயைத் திறந்தா 'உனக்கென்ன தெரியும்'பீங்க. அப்புறம் கடையே போட்டீங்க. மாத்திரை இல்லேன்னா ஊரே உங்களைக் காறித் துப்புமேன்னு அண்டா அண்டாவா அரைச்சுக் கொட்டினேன். பாவி நான். அந்தத் தையல்காரர் முகம் கண்ணை விட்டுப் போகவே மாட்டேங்குது.

— அக்கா, ஆஸ்பத்திரி டாக்டருக்கு இது தெரியுமா?

— எப்படித் தெரியும்? வெறும் இலைன்னு இவர் அடிச்சுச் சொல்லிட்டு வந்திருக்காரு. நான் இப்ப நேரா அங்கதான் போறேன்.

— ஏய், நில்லு! கடை என்னாகுறது? என் பேரு? யார் கேட்டாலும் வெறும் இலைன்னே சாதிப்போம். என் முட்டியே சாட்சி! அப்போ எழுந்தவன், இன்னிக்கு வரைக்கும்...

— தையல்காரரை ஆஸ்பத்திரியில சேர்த்த அன்னிக்கே மாத்திரை போடுறதை நிறுத்திட்டேங்க. அதுல இருந்து நீங்க குடிக்கிறது வெறும் இலைதான். எங்க, எழுந்து வந்து என்னைத் தடுங்க பார்ப்போம்.