புரட்டாசி வரைக்கும்

என் மனைவி கனகம் நன்றாகச் சமைப்பாள். அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் இந்தப் புகார் அவள்மேல்தான். வாயால் சொன்னால் போதும் என்றுதான் வந்தேன். பாதி கேட்டதும் ஏட்டையா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, ஒரு மாதிரி என்னைப் பார்த்து, வெள்ளைத்தாளைக் கொடுத்து, “ஒண்ணு வுடாம நீயே எழுதுப்பா” என்றார். இந்த வருஷம் எங்கள் பக்கத்தில் உங்களுக்கெல்லாம் வேலை அதிகம் என்று தெரியும். அதனால் வளர்த்தாமல் எழுதுகிறேன்.

என் பெயர் புருஷோத்தமன். வயது நாற்பத்திரண்டு. வடக்குப்பட்டில் சொந்த வீடு. மண்ணூர் பக்கம் வண்டிகளுக்கு ரப்பர் சாமான் செய்யும் கம்பெனியில் பதினான்கு வருஷம் மெஷின் ஓட்டி, போன ஐப்பசியில் சூப்பர்வைசர் ஆனேன். வீட்டில் கனகமும், பத்தாவது படிக்கும் மகள் கலைமணியும். அதே வீட்டின் முன்கட்டில் அண்ணன் வேதாசலமும் அண்ணியும் இருக்கிறார்கள். எனக்குக் குடி கிடையாது, சீட்டு கிடையாது. குளிக்கிற இடத்தில் எறும்பு ஊர்ந்தால் அது போகட்டும் என்று சொம்போடு நிற்பேன். அதனால் ஷிப்டுக்கு லேட்டானதுகூட உண்டு.

சூப்பர்வைசர்களுக்கு கேன்டீனில் தனி மேஜை. எங்கள் மேனேஜர் ஜெகதீஷ் சாரும் அங்கேதான் சாப்பிடுவார். முதல் நாள் நான் டிபன் பாக்ஸைத் திறந்தேன். நெத்திலிக் கருவாட்டுத் தொக்கு. சார் எழுந்தார். கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு, தட்டைத் தூக்கிக்கொண்டு ஜன்னலோரம் போய், நின்றபடியே சாப்பிட்டு முடித்தார். மற்ற நான்கு சூப்பர்வைசர்களும் என் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மாமிசத்தை விட்டதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஜீவகாருண்யம்தான் காரணம். அது எனக்கு மறுநாள் வந்தது.

நான் விட்டது தெரிந்ததும் சார் சந்தோஷப்பட்டார். “நல்லது. உங்க வீடும் முழுசா வெஜிடேரியன் ஆகட்டும், ஒருநாள் வந்து சாப்பிடறேன்” என்றார். மேனேஜர் சார் எந்தத் தொழிலாளி வீட்டிலும் சாப்பிட்டதில்லை. அன்று இரண்டு மெஷின் நின்றுபோனதைக்கூட நான் கவனிக்கவில்லை.

வீட்டில் முதலில் அன்பாகத்தான் எடுத்துச் சொன்னேன். படப்பை போய் மீல்மேக்கர் வாங்கி வந்து, கறிமசாலா போட்டுச் செய்யச் சொன்னேன். கனகம் ஒன்றை மென்று பார்த்தாள். “இன்னாங்க இது, தலகாணி பஞ்ச வேகவெச்ச மாரி கீது” என்றாள். கலைமணி தட்டை நகர்த்திவிட்டு, “நைனா, உனுக்கு வாணாம்னா நீ துன்னாத. எங்கள ஏன் படுத்தற” என்றாள். பெற்ற மகள் அப்படிச் சொன்னது எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது.

செவ்வாய், வெள்ளி, சனி எங்கள் வீட்டில் ஏற்கெனவே கவுச்சி கிடையாது. நான் திங்களைச் சிவனுக்கும் வியாழனைக் குருவுக்கும் ஒதுக்கினேன். மிச்சம் புதனும் ஞாயிறும். அந்த இரண்டு நாளும் அம்மாவும் பெண்ணும் பக்கத்து வீட்டுக் கிளியம்மாளுக்கு ஒத்தாசை செய்யப் போவதாகச் சொல்லிவிட்டு, கையை முகர்ந்துகொண்டே திரும்பி வருவார்கள். புரட்டாசி வந்தால் ஊரே பெருமாளுக்காக ஒரு மாசம் சைவமாகிவிடும். யாரும் யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை. ஆனால் புரட்டாசிக்கு இன்னும் எட்டு மாசம் இருந்தது.

மாசியில் பெரியப்பா கோதண்டம் காலமானார். எண்பது வயது, தானாகவே போனார். இதில் என் பங்கு எதுவுமில்லை. எங்கள் வழக்கத்தில் பங்காளி வீட்டில் ஒரு சாவு விழுந்தால் எங்களுக்கும் தீட்டு. பதினாறாம் நாள் கருமாதி முடிகிறவரை அடுப்பில் கவுச்சி ஏறாது. நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கனகமே மீன் சட்டியைக் கழுவிப் பரண்மேல் ஏற்றினாள். கலைமணி கீரையைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். மூன்று மாசமாகத் தொண்டை வறளப் பேசியும் நடக்காதது, பெரியப்பா கண்ணை மூடியதும் நடந்துவிட்டது. அந்தப் பதினைந்து நாளும் நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து கறிச்சோறு. பந்தலுக்குப் பின்னால் ஆடு அறுத்தார்கள். நான் மூங்கிலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பெரியப்பாமேல் எனக்கு இவ்வளவு பாசமா என்று சித்தப்பா நடேசன் வந்து என் முதுகைத் தடவிக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு நான் செய்தது ஒரு சின்னப் பொய். வாலாஜாபாத்தில் ஏகாம்பரநாதன் என்று எங்களுக்குத் தூரத்துப் பங்காளி ஒருவர். வருஷக்கணக்கில் போக்குவரத்து இல்லை. அவர் இறந்துவிட்டதாகவும், செய்தி தாமதமாகக் கம்பெனிக்கு வந்ததாகவும் சொன்னேன். கனகம் உடனே தலை முழுகினாள். மறுபடி பதினைந்து நாள் சைவம். ஒருவருக்கும் ஒரு கெடுதலும் இல்லை.

சித்திரைக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த ஏகாம்பரநாதன் தன் மகள் ஜோதியின் கல்யாணப் பத்திரிகையோடு சைக்கிளில் வந்து இறங்கினார். கனகம் கையிலிருந்த வடகத் தட்டைக் கீழே போட்டாள். “இன்னாம்மா, பேயப் பாத்த மாரி பாக்கற” என்று அவர் சிரித்தார். அவருக்காக ஒரு கோழி போயிற்று. இறந்தவர் இரண்டு முறை குழம்பு வாங்கிச் சாப்பிட்டார். அவர் போன பிறகு கனகம் என் எதிரில் வந்து நின்றாள். “இனிமே யாரு செத்தாங்கன்னு நீங்க சொன்னாலும், நானே போயி மூஞ்சியப் பாத்துட்டு வந்துதான் தல முழுவுவேன்” என்றாள். ஐயா இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். மூஞ்சியைப் பார்க்க வேண்டும் என்று நிபந்தனை போட்டது அவள். நான் அல்ல.

ஆடி மாசம் வந்தது. ஆடியில் எங்கள் ஊர் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். கூழ் ஊற்றுவார்கள். கூழுக்குக் கருவாடு, மறுநாள் கிடா. தெருவே மணக்கும். தீட்டு வீட்டுக்காரர்கள்தான் திருவிழாவில் கலந்துகொள்ள மாட்டார்கள். பெரியம்மா ஞானம்மாவுக்கு எழுபத்தாறு வயது. பெரியப்பா போன பிறகு, “என்ன எப்படா கூப்பிடுவாரு” என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்.

அண்ணனிடம் பயிருக்கு அடிக்கும் மருந்து இருந்தது. அதைத் தொட எனக்கு மனசு ஒப்பவில்லை. அது பூச்சிகளைக் கொல்வதற்கென்றே செய்தது. அந்தப் பாவத்தில் நான் ஏன் பங்கு வாங்க வேண்டும்? ஏரிக்கரை வேலியில் அரளி காய்த்துக் கிடந்தது. முழுக்க முழுக்கத் தாவரம். கேசரியில் கலந்து பெரியம்மாவுக்கு எடுத்துக்கொண்டு போனேன். “உங்க பெரியப்பா இருந்தா ரெண்டு கரண்டி கேட்டிருப்பாரு” என்று சொல்லி மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். ஒரு பகல் முழுக்க வாந்தியும் நெஞ்சு வலியுமாகக் கஷ்டப்பட்டார். நான்தான் கூடவே இருந்து விசிறினேன். வயசானவர் என்பதால் யாரும் எதுவும் கேட்கவில்லை. கனகம் போய் மூஞ்சியைப் பார்த்துவிட்டு வந்து தலை முழுகினாள்.

ஏழாம் நாள் ஜெகதீஷ் சாரைச் சாப்பிடக் கூப்பிட்டேன். சாம்பார், உருளைக்கிழங்கு, பாயசம். பரணில்கூட மீன் சட்டி இல்லை, கிளியம்மாளிடம் கொடுத்தாகிவிட்டது. சார் கம்பெனிக் காரில் வந்தார். வாசலில் அண்ணன் மழிக்காத தாடியோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து விசாரித்தார். விஷயம் தெரிந்ததும், “தீட்டு வீட்ல நான் கை நனைக்கறதில்ல புருஷோத்தமன், இன்னொரு நாள் பாக்கலாம்” என்று காரில் ஏறிவிட்டார். எனக்கு வருத்தமில்லை. ஒரு மனிதனுக்குக் கட்டுப்பாடு வேண்டும்.

இதற்குள் எனக்கு ஒரு குறை தெரிந்துவிட்டது. பதினாறாம் நாள் வந்தால் மறுபடி ஆடு விழும். ஒரு சாவுக்கு ஓர் ஆடு என்று போனால் நான் பட்ட பாட்டுக்கு என்ன அர்த்தம்? எங்கள் கம்பெனியில் ஒரு விதி உண்டு. ரிலீவர் வந்து நிற்காமல் மெஷினை விட்டு யாரும் இறங்கக் கூடாது. மெஷின் ஒரு தடவை நின்றால் ரப்பர் இறுகி, எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். வீட்டிலும் அப்படித்தான். ஒருவர் கருமாதிக்கு முன்னால் அடுத்தவர் வந்தாக வேண்டும். அப்படியே கொண்டுபோனால் புரட்டாசி வந்துவிடும். அந்த மாசம் பெருமாள் பார்த்துக்கொள்வார். அதற்குள் எல்லோருக்கும் நாக்கு பழகிவிடும். காலண்டர் அட்டையின் பின்பக்கம் ஷிப்ட் சார்ட் மாதிரி கோடு போட்டு எழுதினேன். புரட்டாசி வரைக்கும் நான்கு பேர் போதும் என்று வந்தது.

பதின்மூன்றாம் நாள் சித்தப்பா நடேசன். அவருக்குக் கறி என்றால் உயிர். அதனால் மீல்மேக்கர் குருமா செய்து கொண்டுபோனேன், அரளி சேர்த்து. இரண்டு வாய் சாப்பிட்டவர் நிமிர்ந்து பார்த்து, “டேய், கறி மாரியே கீதுடா” என்றார். என் குடும்பத்தில் அதை ஒப்புக்கொண்ட ஒரே மனிதர் அவர்தான். பெரியம்மாவின் காரியத்தைத் தள்ளி, இரண்டையும் ஒன்றாகச் செய்துவிடலாம் என்று ஊர்ப் பெரியவர்கள் முடிவு செய்தார்கள். ஓர் ஆடு மிச்சம்.

அடுத்தது அண்ணன் வேதாசலம். வயசு நாற்பத்தாறுதான், திடகாத்திரமானவர். என்னைச் சைக்கிள் பாரில் உட்காரவைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோனவர். எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் வீட்டில் மூத்தவர் என்று வேறு யாரும் மிச்சமில்லை. சொந்தக்காரர் என்று ஒருவரை விட்டுவைத்தால் அது நியாயமில்லை. சித்தப்பா போன பதினான்காம் நாள் என்று அவர் பெயருக்கு எதிரில் குறித்திருந்தேன்.

பன்னிரண்டாம் நாள், அதாவது நேற்று, ஃபர்ஸ்ட் ஷிப்ட் முடிந்து வருகிறேன். தெருமுனையிலேயே வாசனை. மீன் பொரிக்கிற வாசனை. யார் வீடு என்று பார்த்தால் என் வீடு. கதவு, ஜன்னல் எல்லாம் திறந்து போட்டிருந்தது. சாவு விழுந்து பன்னிரண்டு நாளே ஆன வீட்டில் மீன் பொரிகிறது. தெருவே வெளியில் வந்து, வாயில் புடவைத் தலைப்பை வைத்துக்கொண்டு நின்றது. கிளியம்மாள், “கனகத்துக்கு புத்தி பெரண்டுடுச்சாப்பா” என்று என்னைக் கேட்டாள்.

முன்கட்டு பூட்டியிருந்தது. அண்ணனும் அண்ணியும் கலைமணியும் காலைப் பஸ்ஸிலேயே வாலாஜாபாத்துக்கு ஏகாம்பரநாதன் வீட்டுக்குப் போய்விட்டார்களாம். கனகம் அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். எதிரில் தட்டில் சோறு, குழம்பு, பொரித்த கெண்டை. பக்கத்தில் காலண்டர் அட்டை கவிழ்த்து வைத்திருந்தது. அவள் அழுதுகொண்டே சாப்பிட்டாள். ஒவ்வொரு வாயையும் விழுங்க முடியாமல் விழுங்கினாள்.

“தோ பாரு” என்றாள். “தீட்டுலயே மீன் ஆக்கிட்டேன். நாளிக்கும் ஆக்குவேன். உங்கண்ணன் செத்தா, பொணத்த நடு வூட்ல வெச்சிக்கினே ஆக்குவேன். எவுரு செத்தாலும் இந்த வூட்ல கவுச்சி நிக்காது. அந்த மனுசன வுட்டுடுய்யா.”

கல்யாணமாகி பதினெட்டு வருஷத்தில் அவள் என்னை ஒருமையில் பேசியது அப்போதுதான். நான் கோபப்படவில்லை. அவள் சொன்னதில் இருந்த நியாயம் புரிந்தது. தீட்டுக்கே அடங்காத வீட்டில் அண்ணன் இறந்து எந்தப் பிரயோஜனமும் இல்லை. அவள் கண் முன்னாலேயே அவர் பெயரை அடித்துவிட்டேன். ஆகவே என் அண்ணனுக்கு இனி என்னால் எந்தத் தொந்தரவும் இருக்காது என்று இதன்மூலம் உறுதி கூறுகிறேன். ஒரு கெண்டையை என் பக்கம் தள்ளி, “உம்” என்றாள். நான் தொடவில்லை. வாயில் எச்சில் ஊறியது உண்மை. அது உடம்பின் குணம், என் குணம் அல்ல.

இப்போது புகாருக்கு வருகிறேன். பெரியம்மாவும் சித்தப்பாவும் அனுபவித்து முடித்தவர்கள். கடைசியாக நல்ல சாப்பாடு சாப்பிட்டு நிறைவாகப் போனார்கள். கனகம் வாங்கிய கெண்டைகள் அப்படி இல்லை. மொத்தம் எட்டு. கூடையிலேயே துள்ளிக்கொண்டிருந்தன என்று விற்ற செங்கமலமே சொல்கிறாள், அவளைச் சாட்சியாகப் போட்டுக்கொள்ளலாம். ஒன்றும் அறியாத உயிர்களை, அதுவும் துக்க வீட்டில், மனசு கூசாமல் அரிவாள்மணையில் வைத்து அறுத்திருக்கிறாள். இதற்குச் சட்டத்தில் என்ன இடம் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

இதில் எழுதியிருப்பது எல்லாம் உண்மை. யாரும் மிரட்டி எழுதவைக்கவில்லை. என்னை இங்கேயே இருக்கச் சொல்லி ஏட்டையா கதவைச் சாத்தியிருக்கிறார். நாளைக்கு நான் ஷிப்டுக்குப் போகவில்லை என்றால் நீங்கள் கம்பெனிக்குத் தகவல் சொல்வீர்கள். பெரியம்மா விஷயம், சித்தப்பா விஷயம் எல்லாவற்றையும் தாராளமாகச் சொல்லுங்கள். வீட்டில் மீன் பொரித்தது மட்டும் ஜெகதீஷ் சாருக்குத் தெரிய வேண்டாம்.